ஜெட் கிட்டும் சாட்ஸ்வொர்த் அங்கிளும்: டிஆர்650 கார்புரேட்டர் ரிவ்யூ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கிளம்புகிறவர்களுக்கு வசதி. சைலன்சரை மாற்றி ஏர் பாக்ஸைத் (ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி) திறந்துவிட்ட சுசுகி டிஆர்650 பைக்குக்கு டைனோஜெட் ஸ்டேஜ் 1 கிட் வாங்கலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை மாற்றும் ஊசியும் ஜெட்டுகளும் கொண்ட டப்பா அது; ஜெட் என்பது பெட்ரோல் வரும் அளவெடுத்த சிறு துளை. ஆனால் அதில் கொடுத்த காசுக்குப் பெறுமானம் உள்ளது ஊசி ஒன்றுதான். அந்த ஊசியை எந்தப் பள்ளத்தில் மாட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். டர்பனில் அப்படி ஒருவர் சாட்ஸ்வொர்த்தில், தன் வீட்டு கராஜிலேயே வேலை பார்க்கிறார். கிட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை, அவருக்கு ஐந்துக்கு ஐந்து போடுகிறேன்.

கராஜுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை அங்கிள் என்கிறார்கள், நானும் அப்படியே. விலாசம் இங்கே போடக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஹிக்கின்சன் ஹைவேயிலிருந்து இறங்கி, பழைய வண்டி வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

வண்டி பற்றி நாலு வரி. 644 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றும் ஆயிலுமாகக் குளிர்விக்கும் எஞ்சின், மிகுனி பிஎஸ்டி40 கார்புரேட்டர். ஆர்பிஎம் மீட்டர்கூட இல்லாத எளிமை. தென்னாப்பிரிக்காவில் மண் ரோட்டுக்காரர்களுக்கு இது கிட்டத்தட்ட குலதெய்வம். நான் இங்கே துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருக்கிறேன். ஊர் தூத்துக்குடி என்பதால் உப்புக்காற்றில் வண்டி துருப்பிடிப்பது எனக்குப் புதிதில்லை. பைன்டவுனில் ஒருவரிடம் இதைப் பழசாக வாங்கினேன். அவர் ஏற்கெனவே கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, யார்டில் கிடைத்த ஜிஎஸ்எக்ஸ்-ஆர் (சுசுகியின் ஸ்போர்ட்ஸ் பைக்) சைலன்சரை ஒரு அடாப்டர் குழாய் வைத்து மாட்டியிருந்தார். டிஆர் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். கம்பெனி சைலன்சர் கனம், இது லேசு. கூடவே ஏர் பாக்ஸுக்குக் காற்று நுழையும் மூக்கான ஸ்நார்க்கலைப் பிடுங்கி, மேல்பக்கத்தை வெட்டித் திறந்து, எண்ணெய் தடவுகிற ஃபோம் ஃபில்டரும் போட்டிருந்தார். கார்புரேட்டரில் மட்டும் கை வைக்கவே இல்லை.

அதன் விளைவு இப்படி. ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்னால் தீபாவளி. சிக்னலில் நின்றால் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, மெதுவாக இறங்கும். அறுபது கிலோமீட்டரில் ஒரே சீராகப் போனால் யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவது மாதிரி ஒரு ஆட்டம். மொத்தமும் லீன் ஓட்டத்தின், அதாவது வரும் காற்றுக்குப் பெட்ரோல் பத்தாததன், அடையாளம்.

காற்று அதிகம் வந்தால் பெட்ரோலும் தானாகக் கூட வராதா என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஜெட்டிலிருந்து பெட்ரோலை மேலே இழுப்பது கார்புரேட்டர் தொண்டையில் உண்டாகும் அழுத்தக் குறைவு. ஏர் பாக்ஸின் மூக்கு அடைத்திருந்தால் அந்த உறிஞ்சல் பலமாக இருக்கும், கம்பெனிக்காரன் ஜெட் அளவு வைத்திருப்பது அந்தப் பலத்துக்கு. மூக்கைத் திறந்துவிட்டால் காற்று சுளுவாக உள்ளே போகும், உறிஞ்சல் தளரும், அதே ஜெட் இப்போது பத்தாது. பின்பக்கம் சைலன்சரும் அடைப்பில்லாமல் விட்டால் பற்றாக்குறை இன்னும் கூடும். வாங்கும்போதே இதெல்லாம் தெரிந்துதான் விலையைக் குறைத்துப் பேசினேன்.

முதலில் போனது நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய கடைக்கு. பெயர் வேண்டாம். கண்ணாடி கவுன்டர், காபி மெஷின், உள்ளே டைனோ (வண்டியை ஏற்றி ஓட்டிப் பவர் அளக்கும் மெஷின்). 140 என்று பொறித்த மெயின் ஜெட்டைக் கழற்றி 160 போட்டார்கள். டைனோவில் ஏற்றி முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். தாள் அழகாகத்தான் இருந்தது. வண்டியை வெளியே எடுத்தால் அதே தீபாவளி, அதே ஆட்டம். அதற்கு மேல், முழுசாகத் திருகினால் குடித்தவன் மாதிரி குழறியது, பெட்ரோல் நாற்றம் வேறு. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டி இப்படித்தான்" என்றார் கவுன்டர் பையன்.

அங்கிளிடம் அந்தத் தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கால்ல முள்ளு குத்துனதுக்குத் தலையில மருந்து தடவியிருக்காங்க தம்பி."

அவர் சொன்னது கணக்காக உண்மை. கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டரின் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் மிக்ஸ்சர் ஸ்குரூவும். கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், ஆனால் வரிசை இதுதான். என் குறை முழுக்கக் கால் பங்குக்குள்ளும் அரை பங்கைச் சுற்றியும் இருந்தது. பெரிய கடை மாற்றியதோ முக்காலுக்கு மேல் வேலை செய்கிற உறுப்பை. டைனோவில் முழுத் திருகலை மட்டும் அளந்தால் அந்த மாற்றம் மட்டும்தானே தெரியும்? டர்பன் டிராபிக்கில் முழு ஆக்ஸிலேட்டர் யார் கொடுக்கிறார்கள்.

அங்கிளுக்கு எழுபதுக்கு மேல் வயது. அவர் பாட்டனாரின் அப்பா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். வாலிபத்தில் ஒரு வெள்ளைக்காரர் கடையின் பின்கட்டில் வேலை பார்த்திருக்கிறார். ரேஸ் வண்டிகள் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மேட்டில் இருக்கும் கயலாமி டிராக்குக்குப் போகுமுன் ஜெட் குறைத்து அனுப்புவது அவர் பொறுப்பு. முன்கட்டுக்கு அவரை விட்டதில்லை, ஆனால் கார்புரேட்டர் எல்லாம் பின்கட்டுக்குத்தானே வரும் என்பார். பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். திட்டும்போது முழுத் தமிழ்.

கிட் டப்பாவை அவர் முதல் நாள் தொடவே இல்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அடாப்டர் குழாய் சைலன்சரோடு சேரும் கிளாம்ப்பைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தி, என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். புஸ் புஸ் என்று சூடான காற்று குத்தியது. ஆக்ஸிலேட்டரை மூடும்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் குழாய்க்குள்ளேயே பற்றவைக்கிறது. கேஸ்கெட் பேஸ்ட் போட்டுக் கிளாம்ப்பை இறுக்கியதும் பட்பட் சத்தத்தில் பாதி அடங்கிவிட்டது. ஒரு ஜெட்டும் மாற்றவில்லை! சைலன்சர் மாற்றியவர்கள் ஜெட் கிட் ஆர்டர் போடுமுன் இந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்துவிடுங்கள், குளிர்ந்த எஞ்சினில் மட்டும். சூடான பிறகு வைத்தால் கை போய்விடும்.

அடுத்தது கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர். வண்டி ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சுற்றி கார்ப் கிளீனரைப் பீச்சினார். எஞ்சின் சத்தம் மாறினால் ரப்பரில் வெடிப்பு இருக்கிறது, அதன் வழியாகத் திருட்டுக் காற்று போகிறது என்று பொருள். என்னுடையதில் மாறவில்லை. பிறகு ஸ்லைடைக் கழற்றி, அதன் ரப்பர் டயாஃபிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். இந்த வகை கார்புரேட்டரில் நாம் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தட்டு வால்வுதான் திறக்கும். ஊசி மாட்டியிருக்கும் ஸ்லைடை மேலே தூக்குவது வெற்றிடம். டயாஃபிரம் கிழிந்திருந்தால் எந்தக் கிட்டும் வேலைக்கு ஆகாது.

இதற்கெல்லாம் பிறகுதான் டப்பா திறந்தது. உள்ளே ஊசி, மெயின் ஜெட்டுகள், கிளிப், டிரில் பிட்டுகள், விளக்கத் தாள். இனி ஒவ்வொன்றாக.

ஊசிக்குப் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள், கிளிப்பை இடம் மாற்றலாம். கம்பெனி ஊசியில் எனக்கு அந்த வசதி இல்லை. பள்ளத்தை மழுங்கிய மேல்முனையிலிருந்து எண்ண வேண்டும். கிளிப் கீழே இறங்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். கிளிப் மேலே போனால் குறையும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் தன் பாதி வாடிக்கை என்கிறார் அங்கிள். சரிவும் வழவழப்பும் நன்றாக இருக்கின்றன. மூன்றரை மதிப்பெண்ணில் மூன்று இந்த ஊசிக்கே.

மெயின் ஜெட்டுகளில் குறையில்லை, ஆனால் எண்களில் குழப்பம் உண்டு. டைனோஜெட்டின் எண்ணும் மிகுனியின் எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல. மிகுனி 150-ஐ எடுத்துவிட்டு கிட்டின் 150-ஐப் போட்டால் அதே ஓட்டம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கெய்ஹின் எண் இன்னொரு கணக்கு. மூன்று கம்பெனி ஜெட்டுகளை ஒரே டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டிரில் பிட்டுகளில் ஒன்று, மிக்ஸ்சர் ஸ்குரூவை மூடியிருக்கும் சிறிய உலோக மூடியைத் துளைத்து எடுக்க. மூடி மெல்லிசு, அதை அடுத்துத்தான் ஸ்குரூவின் தலை. அங்கிள் பவர் டிரில்லைத் தொடாமல் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலால் திருகினார். வெள்ளி நிறச் சுருள் ஒன்று நூல் மாதிரி வெளியே வந்தது, பிட் சற்றே விழுந்தது, உடனே நிறுத்திவிட்டார். பிறகு ஒரு சிறிய ஸ்குரூவை அந்த ஓட்டையில் ஏற்றிப் பிளையரால் பிடித்து இழுக்க, மூடி கார்க் மாதிரி கழன்று வந்தது. இன்னொரு பிட், ஸ்லைடின் அடியில் இருக்கும் வெற்றிட ஓட்டையைப் பெரிதாக்க, அப்போது ஸ்லைடு சீக்கிரம் எழும்பும். அதை அங்கிள் டப்பாவுக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிட்டார். "இத ஓட்ட போட்டா திரும்ப அடைக்க முடியாது. முதல்ல ஓட்டிப் பாரு, பத்தலன்னா வா." எனக்குப் பத்தியது. ஸ்லைடு இன்றும் கன்னியாகவே இருக்கிறது.

டியூனிங் நடந்த விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் காசு கொடுத்தது இதற்குத்தான். கைப்பிடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு. ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு கோடு. இப்போது ஓட்டுகிறவன் "நடுவுல இழுக்குது" என்று குத்துமதிப்பாகச் சொல்ல முடியாது, எந்தக் கோட்டில் என்று சொல்ல வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பிளக் வயரில் சுற்றும் சின்ன ஆர்பிஎம் மீட்டரை மாட்டி, மிக்ஸ்சர் ஸ்குரூவை உள்ளே திருகி எஞ்சின் தடுமாறும் இடத்தையும், வெளியே திருகி வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தையும் பார்த்தார். இந்தக் கார்புரேட்டரில் ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருப்பதால் அது பெட்ரோல் ஸ்குரூ, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். ஏர் பாக்ஸ் பக்கம் ஸ்குரூ இருக்கும் வண்டிகளில் எல்லாம் நேர்மாறு. மூன்று சுற்றுக்கு மேல் திறந்தும் உச்சம் வராவிட்டால் பைலட் ஜெட் சிறிது, ஒரு சுற்றுக்குள் வந்துவிட்டால் பெரிது. எனக்கு இரண்டு சுற்றை ஒட்டி வந்தது. ஆகவே கம்பெனி பைலட் ஜெட் அப்படியே.

பிறகு மேட்டில் ஓட்டச் சொன்னார். அரைக் கோட்டில் நிலையாகப் பிடித்துக்கொண்டு, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கைச் சற்றே இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி இன்னும் நன்றாக இழுத்தால் அந்த இடத்தில் பெட்ரோல் பத்தவில்லை. குழறினால் போதுமானது இருக்கிறது, அல்லது கூடுதல். கிளிப் மூன்றாவது பள்ளத்தில் இருந்தபோது சோக்கை இழுத்ததும் வண்டி துள்ளிக் கிளம்பியது. நான்காவதுக்கு இறக்கினார். இழுத்தேன், லேசாக மந்தமானது. நான் கோட்டையும் குணத்தையும் சொல்லச் சொல்ல, அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். முழுத் திருகலுக்கு வேறு சோதனை: முழுசாகத் திறந்து ஓடும்போது ஆக்ஸிலேட்டரை இம்மி மூடினால் வண்டி வேகமெடுக்கிறதா? எடுத்தால் மெயின் ஜெட் சிறிது. பெரிய கடையின் 160 கழன்று, கிட்டில் வந்தவற்றில் சின்ன மெயின் ஜெட் ஏறியது. குழறல் போய்விட்டது.

பெட்ரோல் கூடவா குறைவா என்று காட்டும் பிளக் நிறத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "2006-ல பெட்ரோல்ல ஈயத்த எடுத்தாங்க இல்லையா, அதோட பிளக்கும் உண்மை பேசுறத நிறுத்திடுச்சு" என்றார். கரி பிடித்திருந்தால் மட்டும் நம்புவாராம்.

கிட்டின் விளக்கத் தாள் போதாத இடம் உயரம். இந்த நாட்டில் அதைச் சொல்லாமல் கார்புரேட்டர் பற்றிப் பேசவே கூடாது. டர்பன் கடல் மட்டம், ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஒரே பகலில் போய்விடுகிற தூரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 16 சதவீதம் குறைகிறது. லெசோத்தோ எல்லையில் இருக்கும் சானி பாஸ் மலைப்பாதையின் உச்சி 2,876 மீட்டர், அங்கே காற்று கால் பங்கு குறைவு. காற்று மெலிந்தாலும் ஜெட் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை, அதனால் மேலே போகப் போக வண்டி ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். வெற்றிடத்தில் இயங்கும் ஸ்லைடு இருப்பதால் பிஎஸ்டி40 இதைக் கொஞ்சம் தானே சமாளிக்கும், முழுசாக இல்லை. சானி உச்சியில் என் வண்டி லேசாக மந்தமாகி, நின்றால் பெட்ரோல் வாசனை அடித்தது. படுக்கவில்லை.

அங்கிளின் தீர்ப்பு: டர்பன் வண்டி ஜோஹன்னஸ்பர்க் போய் வந்தால் எதையும் தொடாதே, கொஞ்சம் பெட்ரோல் வீணாகும், அவ்வளவுதான். அங்கேயே குடியேறினால் மெயின் ஜெட் ஒரு அளவு குறைத்து, கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்று. ஆபத்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் டியூன் செய்த வண்டி டிசம்பர் லீவுக்குக் கடற்கரைக்கு இறங்கும்போது லீன் ஆகும். அதோடு மேட்டில் விற்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் டேங்கில் இருக்கும். மெல்லிய காற்றில் அது போதும், கீழே 95 வேண்டிய இடத்தில் வெயிலும் சேர்ந்தால் எஞ்சின் கிணிகிணி என்று தட்டத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழுந்த வண்டிகள் ஜனவரியில்தான் தன்னிடம் வரும் என்கிறார். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியா நண்பர்கள் இந்த ஒரு பத்தியையாவது படியுங்கள். இறங்கியதும் 95 நிரப்புங்கள், கிளிப்பை ஒரு பள்ளம் இறக்குங்கள், மெயினும் பழைய அளவுக்குத் திரும்பட்டும்.

இதைச் சுலபமாக்க அங்கிள் செய்த ஒரு சின்ன வேலைக்குத் தனியாக ஒரு சலாம். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்குரூக்கள் ஜப்பான் வெட்டு. சாதாரண நட்சத்திர ஸ்குரூடிரைவர் போட்டால் தலை வழுக்கிக் கெட்டுவிடும். அவற்றை ஆலன் போல்ட்டாக மாற்றிவிட்டார். இப்போது கார்ப்பை ரப்பருக்குள்ளேயே ஒரு பக்கம் சாய்த்து, கிண்ணத்தை இறக்கி, மெயின் ஜெட்டை ரோட்டோரத்திலேயே மாற்றலாம். மேட்டுக்கான ஜெட் ஒரு பழைய ஃபிலிம் டப்பியில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

இப்போது வண்டி? ஆக்ஸிலேட்டரை விட்டால் லேசான கனைப்பு, அது இந்தச் சைலன்சரின் சுபாவம். சிக்னலில் சத்தம் உடனே இறங்குகிறது, அறுபதில் ஆட்டம் இல்லை. மைலேஜ் லிட்டருக்கு இருபதை ஒட்டி. பவர் ஏகத்துக்கும் கூடியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கூடியது நடு ஆக்ஸிலேட்டரின் இழுவைதான், அது போதும். பவருக்காக இந்தக் கிட்டை வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசைச் சேர்த்துவைத்துப் பெரிய வண்டி வாங்கலாம்.

செலவு: கிட்டுக்கு ஒரு நல்ல பின் டயர் வாங்கும் பணம் ஆனது. அங்கிளின் கூலி, பெரிய கடை ஒரு மணி நேரத்துக்குப் போடும் லேபரை விடக் குறைவு. ஊசி கைக்கு வந்த பிறகு மிகுனி ஜெட்டுகளைத் தனியாக வாங்கிக்கொண்டால் கிட்டின் மற்ற பாகங்கள் தேவையே இல்லை என்பது இப்போது என் எண்ணம், ஆனால் ஊசியைத் தனியாக எனக்குத் தர எந்தக் கடையும் தயாராக இல்லை.

அங்கிளிடம் குறைகள் உண்டு. போனை எடுக்க மாட்டார். ரசீது கிடையாது, உத்தரவாதம் என்றால் மறுபடி வா என்பதுதான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் கேட் திறக்காது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். தைப்பூசக் காவடி நெருங்கினால் கோயில் வேலைக்குப் போய்விடுவார், கராஜ் பூட்டித்தான் கிடக்கும். லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) காலத்தில் பெரிய கடையின் டைனோ படுத்துக் கிடந்தபோது இவர் மட்டும் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள். கையில் ரொக்கம் வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவி, பிழிந்து மாட்டிக்கொண்டு போங்கள், எண்ணெய் சொட்டும் ஃபில்டரில் டியூன் செய்தால் எல்லாக் கணக்கும் தப்பும். டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இருக்கட்டும். கார்ப்பை எடுக்க டேங்கைக் கழற்ற வேண்டும், நிறைந்த டேங்கைத் தூக்கச் சொன்னால் அங்கிள் முழுத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்.